தொட்டியில் விளைந்த முத்து

உலக யுத்தம் முடிந்த வருஷம், எழுபத்தெட்டாவது வயதில், இன்ஜினீயர் சிவனணைந்தபெருமாளுக்கு முத்து வளர்க்கும் ஆசை வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பாலம் கட்டி ஓய்ந்தவர். பிறகு பிடில், போட்டோ, தேனீ என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றில் ஜெயித்துவிட்டால் மறுநாளே அதைப் பரணில் போட்டுவிடுவார்.

ஆனால் கொல்லைத் தொட்டியில் சிப்பிகள் மூன்று வருஷமாக நாறினவே தவிர, முத்து வரவில்லை. நாற்றம் தாங்காமல் மகள் பிள்ளைகளோடு வருவதையே நிறுத்திவிட்டாள்.

"தீபாவளிக்காவது மக வர வேண்டாமா?" என்று மனைவி செல்லக்கிளி அழுதாள்.

"ஒரே ஒரு முத்து கிடைக்கட்டும் ஏளா, அன்னைக்கே தொட்டியை இடிச்சிருதேன்."

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லையிலிருந்து கூப்பாடு கேட்டது. "ஏளா, ஓடியா! முத்து!"

செல்லக்கிளி தயாராக வைத்திருந்த கடப்பாரையோடு ஓடினாள். "சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குல்லா? இடிங்க."

"இடிக்கவா? ஒனக்கென்ன கோட்டியா?" இன்ஜினீயர் முத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "கடல்ல எடுக்கிற முத்துக்கு நாமதான் துளை போடணும். நம்ம முத்து துளையோடயே விளைஞ்சிருக்கு! இன்னும் பத்துத் தொட்டி கட்டப்போறேன்."

செல்லக்கிளியின் கடப்பாரை நழுவியது. முத்தைக் கழற்றியிருந்த லோலாக்கு தெரியாதபடி, முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.