பிரிக்காத பார்சல்

“இந்தக் கேபிள் எட்டாதுடா! ஹேண்டிலை முழுசா ஒடிச்சுத் திருப்பினா ஆக்சிலேட்டர் தானா ஏறும். நீள கேபிள் வர நாலு நாள் ஆவும், பொறு!” காக்களூர் ரோடே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் மெக்கானிக் ஜெபா.

“நாலு நாள் ஷிப்டுக்கு உங்கப்பனா என்னைத் தூக்கினு போவான்?” என்று எகிறினான் அன்பு. பைக் ஹேண்டிலை இரண்டு இஞ்ச் உயர்த்தும் ரைசரை ஆன்லைனில் வாங்கி, பார்சலைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். தினமும் கும்மிடிப்பூண்டிவரை ஓட்டி முதுகுவலியாம். கல்யாணத்துக்கு முன்பே!

பக்கத்து டீக்கடை ஆரோக்கியமேரி, வடையை எண்ணெயிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். “இன்னாபா, உன் நல்லதுக்குத்தானே சொல்றான்?”

ரைசர் மாட்டிய வண்டியின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அன்பு கிளம்பிவிட்டான். மறுநாள் கம்பெனி வாசலில் ஹேண்டிலை முழுசாக வளைத்தபோது, வண்டி தானாகச் சீறி அவனை லாரிக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

“இந்தப் புள்ள தலதலயா அடிச்சிக்கினான் சார்” என்று ஜெபாவைக் காட்டிப் போலீசிடம் ஆரோக்கியமேரி சாட்சி சொன்னாள். அதோடு விட்டாளா? அன்புக்கு நிச்சயமாகியிருந்த ஏஞ்சலின் வீட்டுக்கு நடையாய் நடந்து, “ஜெபா மாதிரி நல்ல மனசுக்காரன் கெடைக்க மாட்டான்” என்று பேசி முடித்தாள்.

கல்யாணமாகி இருவரும் ஆர்.கே.பேட்டைக்குக் குடிபோனார்கள். காலியான மெக்கானிக் கடையைத் தன் டீக்கடையோடு சேர்த்துக்கொள்ளலாமென்று பெருக்கப் போனவள், பெஞ்சுக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியை இழுத்தாள். மேலே அன்புவின் பெயர். உள்ளே, கவர்கூடக் கிழியாமல், ரைசரோடு சேர்ந்து வந்த நீளக் கேபிள்.