பன்னிரண்டு முதல் ஆறு வரை

“ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும். கண் சிமிட்டுற நேரம்கூட இருட்டு இருக்காது. இந்தக் கண்ணு மேல சத்தியம்!” என்று ஜெனரேட்டர்காரன் அபூ தலால் தன் கண்ணையே தொட்டுக் காட்டினான்.

நஸீஃப் இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி சல்வாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய கண்களுக்குக் கீழே கரி பூசினாற்போல் கறுத்திருந்தது. அவள் சரியாகத் தூங்கிப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

‘இந்த மாசத்துக்குள்ள இவங்க தூங்கலைன்னா மனநல ஆஸ்பத்திரியில சேர்க்கிறதைத் தவிர வேற வழியில்லை’ என்று டாக்டர் சொல்லி எட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் நஸீஃப் வீட்டைக் காலி செய்துகொண்டு லெபனானின் வடக்கே திரிப்போலிக்கு வந்துவிட்டான்.

ஆகஸ்ட் மாதம். கடற்கரை ஊர் என்றாலும் இலை அசையவில்லை. அரசாங்க மின்சாரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வந்தால் அதிசயம். மற்ற நேரத்துக்குத் தெரு ஜெனரேட்டர்தான். இந்தத் தெரு இரண்டு ஜெனரேட்டர்காரர்களின் எல்லையில் இருந்ததால், யாரிடம் கம்பி இழுப்பது என்று தேர்ந்தெடுக்க முடிந்தது.

“எந்த ஊரு நீங்க?” என்றான் அபூ தலால்.

“ஸஹ்லே.”

“ஸஹ்லேயா! லெபனான்லயே கரண்ட் போகாத ஊராச்சே! அதை விட்டுட்டு இந்த நரகத்துக்கு ஏன் வந்தீங்க?”

“வேலை” என்றான் நஸீஃப் சுருக்கமாக.

கீழ்வீட்டு உம் விசாம் காபியோடு உள்ளே வந்தாள். தட்டை ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு உரிமையோடு ஆரம்பித்தாள்.

“உங்களை எப்படிக் கூப்பிடுறது தம்பி? மூத்த பையன் பேரு என்ன? அவனோட அப்பான்னுதானே கூப்பிடணும், அபூ...?”

நஸீஃப் ஒரு கணம் தயங்கினான். “அபூ ஷாதி.”

“பையன் எங்கே, காணோம்?”

“ஊர்லயே இருக்கான் அக்கா.”

“நல்லதாப் போச்சு. இந்த வெக்கையில பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அல்லாட முடியாது” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “பேசாம அபூ தலால்கிட்டயே சேர்ந்துடுங்க. எதிர்ப்பக்கம் தர்காம்னு ஒருத்தன் இருக்கான். அவன் மெஷின் என் மாமனாரைவிடக் கிழம். ராத்திரி பன்னிரண்டு அடிச்சா அதை அணைச்சுட்டு அவனும் குறட்டை விடப் போயிடுவான். காலைல ஆறு மணிக்குத்தான் ரெண்டும் எந்திரிக்கும்.”

நஸீஃபின் முகம் மாறியது. “தினமுமா?”

“தினமும்தான். டீசலை மிச்சம் பிடிக்கிறானாம்.”

“அந்த நேரத்துல அரசாங்கக் கரண்ட்டும் வராதா?”

“அதுவா? அது விருந்தாளி மாதிரி, மத்தியானம் வந்து தலையைக் காட்டிட்டுப் போயிடும். பன்னிரண்டுலேருந்து ஆறு வரைக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. நாங்க ரெண்டு வருஷம் பால்கனியில கிடந்து வெந்தோம். போன கோடையிலதான் தப்பிச்சு இவர்கிட்ட வந்தோம்.”

“பாத்தீங்களா! நானா சொல்லலை, ஊரே சொல்லுது” என்று அபூ தலால் நோட்டைப் பிரித்தான். “அஞ்சு ஆம்பியர் எழுதிக்கவா, பத்தா?”

நஸீஃப் மறுபடி சல்வாவைப் பார்த்தான். யார் பேசியதும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“கொஞ்ச நேரத்துல வந்து சொல்றேன்” என்று எழுந்தான்.

தர்காமின் தகரக் கொட்டகைக்குள் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. பனியனோடு உட்கார்ந்து ரொட்டியில் அவரையைச் சுருட்டித் தின்றுகொண்டிருந்த தர்காம், விஷயத்தைக் கேட்டதும் சந்தேகமாகப் பார்த்தான்.

“மூணாவது மாடியா? அங்க அபூ தலால் கம்பி வருதே?”

“வருது. எனக்கு உங்க கம்பிதான் வேணும்.”

“கிண்டல் பண்ணிட்டு வான்னு அவன்தானே உன்னை அனுப்பினான்?”

“இல்ல அண்ணே. என் மனைவி தூக்கமில்லாம சாகுறா. இன்னிக்கே இழுத்துக் குடுங்க.”

தர்காமின் குரல் தணிந்தது. “உடம்பு சரியில்லாதவங்களா? அப்ப நான் சொல்றதைக் கேளு தம்பி. எனக்கும் ஆள் வேணும்தான், இல்லேங்கலை. ஆனா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அபூ தலால்கிட்டயே போ. நான் ராத்திரி பன்னிரண்டுக்கு நிறுத்திடுவேன்.”

“தவறாம நிறுத்துவீங்களா?”

தர்காம் ரொட்டியைக் கீழே வைத்தான். “என்னப்பா கேள்வி இது?”

“யாராவது கெஞ்சினா, நடுவுல போட்டுட மாட்டீங்களே?”

“என் மாமியார் கெஞ்சினாலே போடமாட்டேன். உனக்கு என்னதான் வேணும்? உன் பெண்டாட்டி என்னைச் சபிக்கப்போறா, பாரு!”

“சபிக்கட்டும் அண்ணே.” நஸீஃப் அவன் அருகில் உட்கார்ந்தான். “எங்க பையன் செத்து ஏழு மாசம் ஆச்சு. அவன் சிரிக்கிற, ஓடுற வீடியோவை டி.வி.ல போட்டு, விடிய விடிய பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. நான் நிறுத்தினா, ‘அவனை மறுபடியும் சாகடிக்கிறியா’ன்னு கேக்கறா.”

தர்காம் ஜெனரேட்டரின் பக்கம் திரும்பிப் பார்த்தான். 

“நீங்க நிறுத்துங்க அண்ணே.”