சாமிக்கண்ணு யார்?

கப்பல் ஏறும் கூடத்தில் கவுண்டரில் இருந்த பெண், விசாவையும் பாஸ்போர்ட்டையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தாள். "சார், உங்களுது சரியா இருக்கு. அம்மாவோடதுதான் இடிக்குது. விசாவுல மரகதவல்லி பூவராகன். பாஸ்போர்ட்டுல மரகதவல்லி சாமிக்கண்ணு. யாரு சார் சாமிக்கண்ணு?" பூவராகன் விசாத் தாளை வாங்கிப் பார்த்தார். ஏஜென்ட் எதற்கு, விசா விண்ணப்பத்தை நானே நிரப்பினேன் என்று தெருவெல்லாம் மார்தட்டிவிட்டு வந்தவர். பாஸ்போர்ட் எண்ணைப் பார்த்து எழுதியவர், பெயரைப் பார்க்கவில்லை. பெண்டாட்டி பேர் தெரியாதா என்ன! முப்பத்தோரு வருஷமாக ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை அவள் பெயருக்குப் பின்னால் போட்டுவந்த தன் பெயரையே இதிலும் போட்டுவிட்டார். "எங்கப்பா பேரு," என்றாள் மரகதவல்லி, அவரைப் பார்க்காமல். "பேரு ஒத்து வராம அம்மாவை ஏத்த முடியாது சார்," என்றாள் கவுண்டர் பெண். பின்னால் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "நீங்க போய்ட்டு வாங்க. இவ்வளவு தூரம் வந்தாச்சு." மரகதவல்லியின் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் பதில் சொல்வதற்குள் சுமை ஏற்றுகிறவர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். அதில் ஒரே மாதிரி இரண்டு நீலப் பெட்டிகள். இரண்டிலும் பூவராகன் கையால் எழுதிக் கட்டிய சீட்டு. இரண்டிலும் பூவராகன் என்றே இருந்தது. "அம்மா பெட்டியை மட்டும் இறக்கணுமாம். எது சார் அம்மாவோடது?" பூவராகன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குத் தெரியும். அவரே சொல்லட்டும் என்று நின்றாள்.