எந்த உலகத்தில் அம்மா?

"நாம போடுற இந்தச் சோறு அம்மாவுக்குப் போய்ச் சேருமா, சாமி?"

சாப்பிட்டுக் கை கழுவிய மூத்த பிக்கு நிமிர்ந்து பார்த்தார். கேட்டவள் அந்த வீட்டின் ஒரே மகள். அம்மா இறந்த செய்தி கேட்டு வெளிநாட்டிலிருந்து அடித்துப் பிடித்து வருவதற்குள், பிக்குகளுக்குச் சோறு போடும் ஏழாம் நாள் தானமே வந்துவிட்டது. தொற்று நோயாம், ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிட்டார்களாம். எல்லாம் அண்ணன் சொன்னதுதான்.

"அவங்க எங்கே பிறந்திருக்காங்கன்றதைப் பொறுத்ததும்மா. தேவர்களுக்கு அமுதம் இருக்கு, மிருகத்துக்குப் புல்லு இருக்கு. மனுஷங்களுக்கு மனுஷங்க சாப்பாடு. நரகத்துல வாயைத் திறக்கவே நேரமிருக்காது. பசிப்பேயா பிறந்தவங்களுக்கு மட்டும்தான் நாம கொடுக்கறது போய்ச் சேரும்."

"அப்போ எங்கம்மா பேயாவே பிறந்திருக்கட்டும், சாமி."

"என்னடி உளர்றே!" அண்ணன் பாய்ந்து வந்தான். "அம்மா தேவலோகத்துலதான் இருப்பாங்க. சாமி, நீங்க ஓதுங்க, புண்ணியம் அம்மாவுக்குச் சேர நான் தண்ணி வார்க்கறேன்."

காலையிலிருந்தே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் போலத்தான் பறந்துகொண்டிருந்தான்.

"கடைசியா போன்ல 'பசிக்குதுடி'ன்னு அழுதாங்க. ஞாபகமறதி, இப்பதான் சாப்பிட்டாங்கன்னு நீதானே போனைப் பிடுங்கினே?"

அவனை நம்பித் தொலைத்த தன்மேல்தான் அவளுக்கு அதிக ஆத்திரம். பதினோரு வகை பதார்த்தம் பரப்பத் தெரிந்த மகராசனுக்கு, அம்மாவின் படம் ஒன்றை மாட்டத் தோன்றவில்லை.

கைப்பையிலிருந்து அம்மாவின் போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். "இவங்களை நினைச்சு ஓதுங்க, சாமி. ஒரு வாயாவது போய்ச் சேரட்டும்."

பிக்கு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"ஓதிப் பிரயோஜனம் இல்லம்மா. இவங்களுக்குப் போய்ச் சேராது."

"ஏன் சாமி? நிஜமாவே தேவலோகமா?"

"இல்ல. மனுஷ உலகம்."

"ஏழே நாள்லயா? யார் வயித்துல, சாமி?"

அண்ணன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

"யார் வயித்துலயும் இல்லம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி அநாதை முதியோர் இல்லத்துல. எங்களுக்கு மிஞ்சினதை நேத்து அங்கே கொண்டுபோனேன், ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க."