ஸ்டிக்கர் பத்திரம்

"ஜெட் பைப்பைத் தொட்டீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!"

மெர்லிமாவ் கடைத்தெருவில் மலர்விழியின் குரல் நாலு கடை தாண்டிக் கேட்டது.

அவள் கணவர் யுகேந்திரன் வாளியும் துணியுமாக வேனுக்குப் பக்கத்தில் நின்றார். மனிதர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பழகிவிட்டது போல.

"தண்ணியை வேகமா அடிச்சா ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கும் லா. கையாலதான் கழுவணும். மேலேருந்து கீழே. அழுத்தித் தேய்க்காதீங்க."

"சரிம்மா, சரி."

"காக்கா எச்சம் காஞ்சு கிடக்கு பாருங்க. ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேல போட்டு வைங்க, சுரண்டாதீங்க. மரத்தடியில நிறுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வெயில்ல நிறுத்தினா சாயம் போயிடும்னு நீதானே சொன்னே?"

"அதான் பேங்க் கட்டட நிழல் இருக்குல்ல!"

இரண்டு வருடமாக இருவரும் அந்த வேனில்தான் வாழையிலைச் சாப்பாடு விற்கிறார்கள். வேனை மூடி ஒட்டிய பச்சை ஸ்டிக்கர், ஒட்டின அன்று இருந்த மாதிரியே இன்னும் பளபளத்தது. ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்க வந்த பூசாரியையே, "கண்ணாடியில வைங்க சாமி, ஸ்டிக்கர்ல கறை பிடிச்சுக்கும்" என்று மறித்தவள் அவள்.

பதினொரு மணி வாக்கில் தம்புசாமி வந்தார். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளியில் தமிழ் விழா, நூற்றிருபது சாப்பாடு வேண்டும் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். இவ்வளவு பெரிய ஆர்டர் அவர்களுக்கு அதுவரை வந்ததே இல்லை.

வந்தவர் வேனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் விரல் ஸ்டிக்கரை நோக்கி மெல்ல எழுந்தது.

"ஏங்க!" மலர்விழி அவசரமாகக் கணவரைக் கூப்பிட்டாள். "ஸ்டிக்கர் கழுவுற ஷாம்பு தீந்துபோச்சு. எதிர்க்கடையில குழந்தை ஷாம்பு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"பாதி பாட்டில் இருக்கே?"

"பத்தாது. போங்க!"

அவர் போனார். ஊரில் பாதிப்பேர் அவருக்காக இரக்கப்படுவது இதனால்தான்.

"என்னம்மா இது?" என்றார் தம்புசாமி. "'மலர் வாலை இலை சாப்பாடு'ன்னு போட்டிருக்கு! வாழைக்குச் சிறப்பு ழகரம் தெரியாதா? வாலைன்னு படிச்சா மாட்டு வால்தான் ஞாபகத்துக்கு வருது. நீங்க என்ன, மாட்டுவால் சூப்பு, அந்த சூப் எக்கோரா விக்கிறீங்க?"

மலர்விழிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"எழுத்து வேற கோணல்மாணலா இருக்கு. தமிழ் விழாவுக்கு இந்த வேன் உள்ளே வந்தா, பெற்றோரெல்லாம் என்னைத்தான் கேப்பாங்க. இதைப் பிச்சிடுங்க."

"முடியாது சார்."

"சரி, அந்த ஒரு நாளைக்கு மட்டும் மேல ஒரு தாளையாவது ஒட்டிட்டு வாங்க."

"டேப் பசை பிடிச்சா ஸ்டிக்கர் கெட்டுடும் சார்."

"ஸ்டிக்கர் கடையில நானே பேசறேன். புதுசா, சரியா ஒட்டித் தரச் சொல்றேன்."

"வேணாம் சார்."

தம்புசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஆர்டரும் வேணாம்னு சொல்லுங்க! தமிழைவிட ஸ்டிக்கர் பெருசாப் போச்சு உங்களுக்கு!"

மலர்விழி எதிர்க்கடையை எட்டிப் பார்த்தாள். யுகேந்திரன் இன்னும் வரிசையில்தான் நின்றிருந்தார். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்க சார். அது அவரு கையெழுத்து."

"யாரு கையெழுத்து?"

"என் வீட்டுக்காரரோடது. சின்ன வயசுலேருந்து மலாய்ப் பள்ளியில படிச்சவரு சார். தமிழ் பேசுவாரு, ஆனா அப்ப ஒரு எழுத்து தெரியாது. இந்தக் கடை தொறக்கிறதுக்கு முன்னால, எனக்குத் தெரியாம ஒண்ணாம் வகுப்பு புஸ்தகத்தை வாங்கி, வேலைக்குப் போன லாரியிலேயே வெச்சு நாலு மாசம் எழுதிப் பழகியிருக்காரு. எழுதினதை அப்படியே பெருசாக்கி ஒட்டிட்டு வந்து நிறுத்தினாரு. அவருக்கு வாயிலயும் சரி, கையிலயும் சரி, ஒரே 'ல'தான் சார்."

"எடுத்துச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா அப்புறம் பேனாவையே தொடமாட்டாரு. இப்பதான் பேப்பர்ல தலைப்பை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு. என்னைக்காவது அவரே கண்டுபிடிப்பாரு. அதுவரைக்கும், இதைப் பாத்துச் சிரிக்க வர்ற ஒவ்வொருத்தரையும் நான்தான் சமாளிக்கணும். வீட்டுல பதினாலு பாட்டில் ஷாம்பு இருக்கு சார்!"

தம்புசாமி வேனை மறுபடி பார்த்தார். கோணல் எழுத்துகளில் ஒன்றுகூட மங்கவில்லை, உரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கண்டுபிடிச்சாலும் நான் பிய்க்க விடமாட்டேன்," என்றாள் மலர்விழி. "நாப்பத்தாறு வயசுல எனக்காக எழுதினது. எத்தனை வருஷம் தாங்குமோ, அத்தனை வருஷம் இருக்கட்டும்."

யுகேந்திரன் ஷாம்புவோடு வந்து சேர்ந்தார்.

"சார், ஆர்டரை ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. தமிழ்லயே எழுதுங்க. இப்ப நான் படிப்பேன்!"

மலர்விழி சட்டென்று தம்புசாமியின் முகத்தைப் பார்த்தாள்.

தம்புசாமி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். முப்பத்தொரு வருடமாகப் பிள்ளைகளின் நோட்டில் லகர ழகரப் பிழைகளைச் சுழித்துச் சுழித்தே எத்தனையோ சிவப்புப் பேனாவைத் தீர்த்தவர். 'வா' என்று எழுதியதும் கை அப்படியே நின்றது.

பிறகு நிதானமாக எழுதி முடித்துத் தாளை நீட்டினார்.

யுகேந்திரன் விரல் வைத்து, சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். "வா... லை... இ... லை... சாப்பாடு, நூற்றிருபது. வேனை... மேடைக்குப்... பக்கத்தில்... நிறுத்தவும்."

வேனை ஒரு முறை பார்த்தார். தாளை ஒரு முறை பார்த்தார். இரண்டிலும் அதே 'லை'தான். தலைமையாசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு தப்புகூட இல்ல சார்!"