நாலுக்கு மூன்று

செயலாளர் வாக்குச்சீட்டுகளைப் பிரிக்கத் தொடங்குவதற்குள் லோசா மனசுக்குள் நாலு தடவை எண்ணி முடித்துவிட்டாள்.

ஊர்ச் சமூக வாரியத்தில் ஏழு பேர்; இன்றைக்குத் தலைவர் தேர்தல். தலைவர் மரேயும் அவருடைய கோல்ஃப் கூட்டாளிகள் இருவரும் அந்தப் பக்கம். லோசா, ஸெய்னி, பெவர்லி, ராஸ் இந்தப் பக்கம். நாலுக்கு மூன்று. இதில் தப்பு வர என்ன இருக்கிறது?

ஊரில் பாதிப் பேர் சமோவா, டோங்கா தீவு ஜனங்களும் மண்ணின் பூர்வகுடி மாவோரிகளும். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் முன்னாள் தலைவர்கள் படங்களைப் பார்த்தால் எல்லோரும் ஒரே வெள்ளைக்காரத் தாய் வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். மரே பதினான்கு வருடமாக நாற்காலியை விடவில்லை.

லோசாவுக்குச் சுவரில் தொங்கும் ஆசையெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் சாலையைக் கடக்க வெள்ளைக் கோடு வேண்டும். அவ்வளவுதான்.

டௌரங்கா துறைமுகத்துக்கு மரம் ஏற்றிப் போகும் லாரிகள் அங்கே வேகத்தைக் குறைப்பதில்லை. மார்ச் மாதம் அவள் தம்பி மகளின் கால் முறிந்தது. குழந்தை இன்னும் ஊன்றுகோலை விடவில்லை.

கூட்டத்தில் எதை முதலில் பேசுவது, எதைக் கடைசியில் பேசுவது என்று முடிவு செய்கிறவர் தலைவர். மரே வெள்ளைக் கோட்டை எப்போதும் கடைசியில் போடுவார். பூந்தொட்டியும் நாய்க் கழிவும் அலசு அலசென்று அலசப்படும். கோட்டின் முறை வரும்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாமே."

இரண்டு வருடமாக அந்த அடுத்த கூட்டம் வந்தபாடில்லை.

இன்றைக்கும் அவள் உள்ளே நுழைந்ததும் மரே கேட்ட முதல் கேள்வி, "பன்றிக்கறி பன் கொண்டாந்தியா?" கொண்டுவந்திருந்தாள். தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பெவர்லிதான் தைரியம் கொடுத்தவள். போன வாரம் கடையில் முட்டை வைத்திருக்கும் இடத்தில் லோசாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"இந்தத் தடவை நீதான் கண்ணு. உங்க ஜனத்துல ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காந்தாதான் எனக்கு நிம்மதி. ராஸும் அதையேதான் சொல்றார்."

சொல்லும்போது பெவர்லிக்குக் கண்கூடக் கலங்கியது.

ஸெய்னியைப் பற்றிக் கவலையே இல்லை. டோங்காக்காரி, சமோவாக்காரியான லோசாவைவிட ஒரு சாண் உயரம், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. சற்று முன் எழுந்து நின்று லோசாவின் பெயரை முன்மொழிந்தவளே அவள்தான்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மரே மூணு. லோசா ரெண்டு."

மிச்சமிருந்த இரண்டு சீட்டுகளையும் அவர் மறுபடி படித்துப் பார்த்தார்.

"செல்லாதது ரெண்டு. ரெண்டுலயும் ஸெய்னின்னு எழுதியிருக்கு. அவங்க போட்டியிலயே இல்ல."

லோசா திரும்பினாள். ஸெய்னியின் முகம் செத்துப் போயிருந்தது.

"சத்தியமா நான் இல்லடி," என்று முணுமுணுத்தாள்.

வேறு யார்? எழுந்து நின்று முன்மொழிவது போல் முன்மொழிந்துவிட்டு, பின்னால் இன்னொருத்தரையும் வளைத்துப் போட்டிருக்கிறாள். ரக்பியில் டோங்கா ஜெயித்தால் ஒரு வாரம் விடாமல் குத்திக்காட்டுகிறவள்தானே. லோசாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மரே எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஊரின் பல இன மக்களுக்காக ஒரு துணைக்குழு போடலாம், அதற்கு லோசாவே தலைமை ஏற்கட்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பூந்தொட்டிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

வெள்ளைக் கோடு அடுத்த கூட்டத்துக்குப் போனது.

வெளியே மழை. ஸெய்னி எப்போதும் லோசாவின் காரில்தான் வீட்டுக்குப் போவாள். ஆறு வருடப் பழக்கம். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் காத்து நின்றாள்.

"இன்னிக்கு வேற யார் கார்லயாவது போய்க்கோ," என்றாள் லோசா.

ஸெய்னி தலையில் மழைக்கோட்டை இழுத்து மூடிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். லோசா நிறுத்தவில்லை.

உள்ளே போய் காலித் தட்டை எடுத்தாள். ஒரு பன்கூட மிச்சமில்லை.

பெவர்லி பின்னாலேயே வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"மனசை விட்டுடாத ஸெய்னி. நானும் ராஸும் உன் பேரைத்தான் எழுதினோம்."

இந்த ஆறு வருடத்தில் பெவர்லி 'கண்ணு' என்று சொல்லாமல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.