இரண்டு மடங்கு விலை

"சாதா மியூசிக் பிளேயரே போதும் தம்பி. துல்லியமா கேக்கும், ஹை-ரெஸ்ஸுன்னு ரெண்டு மடங்கு விலை சொல்றீங்க, காதுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் கடைக்கு வந்த அம்மாள்.

விற்பனையாளர் அசரவில்லை. பழைய பாட்டொன்றை ஓடவிட்டு ஹெட்போனை நீட்டினார். "பல்லவி முடியிற இடத்துல கேளுங்க. பாடுறவங்க மூச்சுகூடத் தெரியும்."

கேட்டவரின் கண்கள் நிறைந்தன.

"இது பாடினவ மூச்சு இல்ல."

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்கம்மா?"

"பாடினது நான்தானே! அன்னைக்குப் பார்த்துக்க ஆளில்லாம, தூங்குற கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டே பாடினேன். இது அவ குறட்டை. இத்தனை வருஷமா எதுலயும் கேட்டதில்ல."

விற்பனையாளர் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார்.

"ரெண்டு பிளேயரா பில் போடுங்க. என்னை விட்டுட்டுப் பாடப் போயிட்டியேன்னு இன்னமும் சண்டை போடுறா என் பொண்ணு. ஒண்ணு அவளுக்கு."